வெயிலில் வைத்த மைக்ரோஸ்கோப்

பாட்டில் தொழிற்சாலையில் அவளைக் கண்ணாடி மேடம் என்றுதான் சொல்வார்கள். பாதுகாப்பு அதிகாரி என்ற பதவிப் பெயர் அறைக் கதவில் எழுதியிருந்ததோடு சரி. உலைக்கூடத்து வாசலில் அவள் தலை தெரிந்ததும் "கண்ணாடி வருது" என்று ஒரு குரல் உள்ளே ஓடும். நெற்றியில் ஏற்றிவிட்டிருந்த கறுப்புக் கண்ணாடிகள் அத்தனையும் சட்டென்று மூக்குக்கு இறங்கும். இது அவளுக்கும் தெரியும். அவர்கள் இறக்கி முடிக்கட்டும் என்று வாசலில் நின்று, கலையாத கொண்டையைச் சரிசெய்துகொண்டு, பிறகுதான் உள்ளே வருவாள்.

கண்டிப்பு என்றால் அப்படி ஒரு கண்டிப்பு. உலைக்குள் கொதிக்கும் கண்ணாடிக் குழம்பை ஒரு சின்னத் திறப்பு வழியாக எட்டிப் பார்ப்பது அங்கே சிலருக்கு அன்றாட வேலை. பழைய ஆட்கள் வெறுங்கண்ணால் பார்த்துவிட்டு, "பழகிப்போச்சு மேடம்" என்பார்கள்.

"பழகினது நீங்க. உங்க கண்ணு பழகல" என்பாள் அவள்.

எவ்வளவு மூத்தவராக இருந்தாலும் அன்றைக்கு அவருக்கு உலைப்பக்கம் வேலை கிடையாது. பாட்டில் அடுக்கும் இடத்துக்குப் போக வேண்டியதுதான். முதுகுக்குப் பின்னால் முணுமுணுப்பார்கள். ஆனாலும் அவள் வந்த பிறகு அங்கே யாருக்கும் கண்ணில் அடிபடவில்லை என்பதை முணுமுணுத்தவர்களே ஒப்புக்கொள்வார்கள்.

வீட்டில் அவள் தனி ஆள். கல்யாணம் கூடிவரவில்லை, அதற்காக மூலையில் உட்கார்ந்துவிடவும் இல்லை. இரண்டு தெரு தள்ளித் தங்கை இருந்தாள். தையல்காரி. தங்கையின் கணவர் லாரி ஓட்டுபவர், மாதத்தில் பாதி நாள் வழியில்தான் இருப்பார். ஆகவே தங்கை மகள் வளர்ந்தது பாதி தையல் மெஷின் காலடியில், பாதி பெரியம்மா வீட்டில். மூன்றாம் வகுப்பு. நிறுத்தாமல் கேள்வி கேட்கும் பிள்ளை. சொந்தப் பெயர் பள்ளிக்கூடத்துக்கு மட்டும்தான்; மற்றபடி எல்லாருக்கும் அது வாண்டு.

வாண்டுவின் பிறந்தநாளுக்குப் பெரியம்மா ஒரு மைக்ரோஸ்கோப் பெட்டி வாங்கிக் கொடுத்தாள். சிறுவர்களுக்கானது. வெள்ளை பிளாஸ்டிக்கில் ஒரு மைக்ரோஸ்கோப், பார்க்கிற பொருளை வைக்கக் கண்ணாடிச் சில்லுகள், ஒரு குப்பியில் நீலச் சாயம், இடுக்கி, ஊசி, ஏற்கெனவே ஒரு சில்லில் ஒட்டித் தயாராக வைத்த ஈ இறக்கை. தங்கை பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு முகம் சுளித்தாள்.

"ஊசி, கண்ணாடி, சாயம்... இதையெல்லாம் இவ கையில குடுக்கிறதா அக்கா? இவ பென்சில் சீவினாலே பாதி விரல் போயிடுமே."

"பெட்டி என் வீட்லயே இருக்கட்டும். லீவு நாள்ல அனுப்பி வை. நான் பக்கத்துலயே இருக்கேன்ல."

"நீ இருந்தா எனக்கென்ன பயம்" என்று தங்கை மூடியைப் போட்டாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை, பெரியம்மா வீட்டுச் சாப்பாட்டு மேசை ஆபரேஷன் தியேட்டர் மாதிரி இருந்தது. செய்தித்தாள் விரித்தாயிற்று. வாண்டுவுக்குப் பழைய சட்டை, கையுறை, தலைமுடிக்கு இறுக்கமான பின்னல். ஊசியைப் பெரியம்மா எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டாள். சாயம் ஊற்றுவது, சில்லை எடுப்பது, உடைந்தால் பெருக்குவது எல்லாம் பெரியவங்க வேலை என்று சட்டம் போட்டாள். பெட்டியோடு வந்த குறிப்புகளை உரக்கப் படித்தாள். சாயத்தைப் பற்றியும் சில்லுகளைப் பற்றியும் வந்ததை இரண்டு முறை படித்தாள். மைக்ரோஸ்கோப்பின் அடியில் இருந்த வெளிச்சத்தை மேலே திருப்பிவிடும் சின்ன வட்ட ஆடியைப் பற்றி ஒரு பக்கம் வந்தது. அடியிலேயே பல்பும் இருந்ததால், இது நமக்கு வேண்டாம் என்று அந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டாள்.

அன்றைக்கு வெங்காயத் தோலைப் பார்த்தார்கள். செங்கல் சுவர் மாதிரி அடுக்கடுக்காகத் தெரிந்தது. வாண்டு வீட்டுக்குப் போய் அம்மாவின் தையல் மேசையிலேயே சாக்பீஸால் அதை வரைந்து வைத்தது.

அடுத்த வாரம் பல்பு எரியவில்லை. பாட்டரி தீர்ந்துபோயிருந்தது; வீட்டிலும் வேறு இல்லை. ஈ இறக்கையைப் பார்க்கலாம் என்று வாண்டு வாரம் முழுக்கக் காத்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் தங்கை கூப்பிட வந்துவிடுவாள். உதடு பிதுங்கத் தொடங்கிய பிள்ளையைப் பார்க்கப் பெரியம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. மைக்ரோஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போனாள். நல்ல வெயில். ஸ்டூலில் வைத்து, அடியிலிருந்த ஆடியை இப்படியும் அப்படியும் திருப்பினாள். இறக்கை வைத்த சில்லின்மேல் பளிச்சென்று ஒரு வட்டம் விழுந்தது.

"வா, வந்து பாரு."

வாண்டு வலது கண்ணை வைத்தது. உடனே பின்வாங்கியது.

"கூசுது பெரியம்மா."

"முதல்ல அப்படித்தான் இருக்கும். கண்ணை எடுக்காத. கொஞ்சம் பாரு, பழகிடும்."

தான் சொன்ன அந்த வார்த்தை அவள் காதிலேயே விழவில்லை. வாண்டு மறுபடி குனிந்து, கன்னம் சுருங்க, விடாமல் பார்த்தது. இறக்கையில் முடி இருக்கிறது என்றது. நரம்பு மாதிரி கோடு போகிறது என்றது. பெரியம்மாவுக்கு உச்சி குளிர்ந்துபோனது.

சாயங்காலம் தங்கை போன் செய்தாள். வாண்டு வலது கண்ணால் புத்தகத்தில் ஒரு எழுத்தைப் பார்த்தால் அந்த எழுத்து மட்டும் இல்லையாம். சுற்றி உள்ளது தெரிகிறதாம், நடுவில் ஒரு கறுப்புப் பொட்டாம்.

என்ன நடந்தது என்று அவளுக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. அதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். ஆனால் வாயிலிருந்து வந்தது, "உடனே டாக்டர்கிட்ட போலாம், நானும் வர்றேன்" என்பது மட்டும்தான்.

கண் மருத்துவர் ஒரு பெண்மணி, அவசரப்படாதவர். சொட்டு மருந்து விட்டு, விளக்கை வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு நாற்காலியைத் திருப்பிக்கொண்டு கேட்டார்.

"சூரியனை நேராப் பாத்தியா? இல்ல, லென்ஸ், பைனாகுலர் மாதிரி ஏதாவது வச்சுப் பாத்தியா?"

வாண்டு பெரியம்மாவைப் பார்த்தது. கண் சிமிட்டும் நேரம்தான். பிறகு மருத்துவரிடம் திரும்பியது.

"மைக்ரோஸ்கோப்ல பாத்தேன். நான்தான் வெயிலுக்குத் திருப்பினேன். பெரியம்மா உள்ள வேலையா இருந்தாங்க."

இப்போது பேச வேண்டியவள் பேசவில்லை. பேசிவிடலாம் என்றுதான் உதட்டைப் பிரித்தாள். பக்கத்தில் தங்கை இருந்தாள், மருத்துவர் இருந்தார், கதவோரம் நர்ஸ் இருந்தாள். உதடு மூடிக்கொண்டது.

"பெரியவங்க இல்லாதப்போ இதெல்லாம் தொடலாமா? கண்ணு போனா வாங்கித் தருவாங்களா?" என்று மருத்துவர் பிள்ளையைத் திட்டினார். தங்கை தன் பங்குக்கு வழியெல்லாம் திட்டினாள். வீட்டு வாசலில் முதுகில் ஒரு அடியும் வைத்தாள். வாண்டு அழவில்லை. அடி வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது. பெரியம்மா செருப்பைக் கழற்றாமல் படியில் நின்றாள். அந்த அடி தன் முதுகில் விழுந்திருக்க வேண்டியது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் நின்றுகொண்டிருந்தாள்.

பொட்டு பெரும்பாலும் தானாகக் குறையும், சில மாதம் ஆகலாம், முழுக்கப் போகும் என்று உறுதி சொல்ல முடியாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

மறுநாள் காலை ஷிப்ட் தொடங்கும்போது வழக்கம்போல ஆட்கள் அவளுடைய பாதுகாப்புப் பேச்சைக் கேட்க வரிசையில் நின்றார்கள். "எல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சதுதான். பாத்து வேலை செய்யுங்க" என்று அனுப்பிவிட்டாள். உலைக்கூடத்தில் ஒருவர் வெறுங்கண்ணால் திறப்பை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பார்த்தும் பார்க்காததுபோல் தாண்டிப் போனாள். பத்தடி போனதும் திரும்பி வந்து, "கண்ணாடி போட்டுக்கங்க" என்றாள். கெஞ்சுகிற மாதிரி இருந்தது குரல். அவர் பயந்துபோய் உடனே போட்டுக்கொண்டார்.

"மேடத்துக்கு உடம்பு ஏதோ சரியில்ல" என்று அன்று கேன்டீனில் பேச்சு.

அந்த வாரமே வாண்டு அம்மாவின் போனிலிருந்து கூப்பிட்டது. அம்மா குளிக்கப் போயிருக்கிறாள் என்று முதலிலேயே சொன்னது.

"பெரியம்மா, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நீங்க கவலைப்படாதீங்க. அம்மாவுக்குத் தெரிஞ்சா உங்க வீட்டுக்கு விடமாட்டாங்கல்ல."

குசுகுசுவென்று, பெரிய மனுஷி மாதிரி சொன்னது. பெரியம்மாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. தன் தவறைச் சுமக்க ஒரு குழந்தையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறோம், அது இப்போது நமக்கே ஆறுதல் சொல்கிறது. போனை வைத்துவிட்டு முகம் கழுவினாள். குழாயின் மேல் மாட்டியிருந்த கண்ணாடியைப் பார்க்காமல் துடைத்துக்கொண்டாள்.

வாண்டு பள்ளிக்கூடம் போயிருந்த நேரம் பார்த்துத் தங்கை வீட்டுக்குப் போனாள். தங்கை தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு ஆடியைத் திருப்பினது நான்தான்" என்றாள் இவள், உட்காராமலே. "அவ கூசுதுன்னு கண்ணை எடுத்துட்டா. நான்தான் பழகிடும், பாருன்னு சொன்னேன்."

மெஷின் நின்றது. தங்கை நூலை அறுத்தாள், துணியை மடித்தாள், ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

"நீயா சொன்ன?"

"ஆமா."

"கூசுதுன்னு சொன்னதுக்கு அப்புறமுமா?"

"ஆமா."

"சரி, அது கை தவறினது. யாருக்கும் நடக்கும்." தங்கையின் குரல் தாழ்ந்துதான் இருந்தது. "ஆனா டாக்டர் முன்னாடி அவ பொய் சொன்னாளே, அப்ப நீ பக்கத்துல நின்ன. நான் அவளை அடிச்சேன், அப்பவும் நின்ன. எப்படி நிக்க முடிஞ்சது உன்னால?"

வெட்கமா இருந்தது என்று சொல்லலாம். அதைச் சொல்லவும் வெட்கமாக இருந்தது.

"அவ வந்ததும் அவகிட்ட மன்னிப்பு கேட்டுட்டுப் போ" என்று தங்கை மறுபடி மெஷினை மிதித்தாள்.

அந்த மெஷின் சத்தத்திலேயே மதியம் கழிந்தது. வாண்டு வந்து பையைப் போட்டதும் பெரியம்மா தரையில் அதன் உயரத்துக்கு உட்கார்ந்து மன்னிப்பு கேட்டாள். பிள்ளைக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டே, "பரவால்ல பெரியம்மா, எழுந்திரிங்க" என்றது. தங்கை மகளைத் தன் பக்கம் இழுத்து, அடித்த முதுகைத் தடவிக்கொடுத்தாள். தடவியபடியே அழுதாள். அழுகையோடே, "நீ ஏண்டி பொய் சொன்ன?" என்று கேட்டாள். வாண்டு அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

பிறகு வெகுநாள் வாண்டுவைத் தங்கை அனுப்பவில்லை. மறு பரிசோதனைக்கு மட்டும் இவளுக்குச் சொல்லி அனுப்பினாள். பொட்டு கடுகளவாகிவிட்டது என்றார் மருத்துவர். சுவரில் மாட்டிய எழுத்துப் பலகையின் கடைசி வரியில் ஓர் எழுத்துதான் வாண்டுவுக்குப் பிடிபடவில்லை. எல்லாரும் எழுந்த பிறகு இவள் எழவில்லை.

"டாக்டர், போன தடவை இவ சொன்னது நெசமில்ல. வெயில்ல வச்சுப் பாக்கச் சொன்னது நான்."

மருத்துவர் இவளைப் பார்க்கவில்லை, வாண்டுவைத்தான் பார்த்தார். "அப்போ உன்னை வீணா திட்டிட்டேனே" என்றார். பிறகு இவள் பக்கம் திரும்பி, "எங்க வேலை பாக்குறீங்க?" என்று சாதாரணமாகக் கேட்டார்.

"பாட்டில் தொழிற்சாலையில. பாதுகாப்பு அதிகாரி."

மருத்துவர் பேனாவை மூடி மேசையில் வைத்தார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இவளுக்குத் தோன்றியது.

தொழிற்சாலையிலும் அவள் சொன்னாள். ஒரு காலை, வரிசையாக நின்றவர்களிடம், சாக்குச் சொல்லாமல், கதையாக்காமல், நான் செய்தேன் என்று சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. யாரும் ஆறுதலும் சொல்லவில்லை. கலைந்து வேலைக்குப் போனார்கள். சொன்னால் மனசு லேசாகும் என்பார்களே, அது நடக்கவில்லை. ஆனால் அடுத்த நாள் பேச வேண்டியதைப் பேச முடிந்தது.

பள்ளி விடுமுறை விட்டபோது வாண்டு மறுபடி பெரியம்மா வீட்டுக்கு வரத் தொடங்கியது. தனியாக இல்லை. தங்கையும் கூடவே வந்து, பொத்தான் தைக்க வேண்டிய சட்டைகளை மடியில் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். பேச்சு முன்போல ஓடாது. தைத்துக்கொண்டே அவள் கண் அடிக்கடி மேசைப் பக்கம் வந்து போகும். இவள் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. மேசையில் நடப்பது தங்கைக்கு நன்றாகத் தெரியட்டும் என்று நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டு உட்கார்ந்தாள்.