இரண்டு கதவும் அத்தையின் செருமலும்

பன்றிக்குப் பரீட்சை வைத்தவன் நான். எழுபதுகளின் கடைசியில் கால்நடை மருத்துவத்தில் மேல்படிப்பு படித்தபோது, பன்றிகளின் கற்கும் திறனை அளப்பதுதான் என் தலையில் கட்டப்பட்ட ஆய்வு. அதை முடித்தால்தான் பட்டம். சங்கரன்கோவிலில் அத்தை வெள்ளைப் பன்றி வளர்த்ததால், லீவுக்கு மூட்டை முடிச்சோடு அங்கே போய் இறங்கினேன். போகாமல் இருந்திருக்கலாம்.

கொல்லையில் பக்கம் பக்கமாக இரண்டு பலகைக் கதவு. ஒன்றில் கறுப்பு வட்டம். இரண்டுக்குப் பின்னாலும் தவிடு வைத்தேன், மோப்பம் பிடித்துத் தேறிவிடக் கூடாதல்லவா. வட்டம் போட்ட கதவு முட்டினால் திறக்கும், மற்றது தாழிட்டிருக்கும். கதவுகளை இடம் மாற்றிக்கொண்டே இருப்பேன். வட்டத்தைப் பார்த்துப் போகிற பன்றி கற்றுக்கொண்ட பன்றி.

எல்லாப் பன்றிகளும் கற்றுக்கொண்டன. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

லீவு முடியப்போகிற சமயத்தில் அத்தை இளையரசனேந்தலுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனாள். அன்றைக்கு ஒரு பன்றிக்கும் ஒன்றும் தெரியவில்லை. நடுவில் நின்றுகொண்டு அடுப்படி வாசலையே பார்த்தன. பக்கத்துத் தறிச் சத்தத்தைத் திட்டினேன், வெயிலைத் திட்டினேன். மறுநாள் அத்தை வந்ததும் மறுபடி எல்லாம் மேதைகள். அப்போதுதான் பன்றிகளை விட்டுவிட்டு அத்தையைக் கவனித்தேன். அடுப்படி வாசலில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். பன்றி தப்பான கதவுப் பக்கம் போனதும் லேசாகச் செருமினாள். பன்றி நின்று, அடுத்த கதவுக்குத் திரும்பியது.

தலையில் அடித்துக்கொண்டேன். அத்தனை நாள் அளந்ததும் பாழ்.

"என்ன அத்தை இப்படிச் செஞ்சிட்டீங்க? என் பட்டம்லா போச்சு."

"தப்பாப் போறதைப் பாத்துக்கிட்டு எப்படிலே சும்மா இருக்க? பாவம்லா."

"பரீட்சைன்னா அதுகளாத்தான் எழுதணும். காலமெல்லாம் டீச்சரா இருந்தவங்களுக்கு இது தெரியாதா?"

அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது.

"எனக்கா தெரியாது? எட்டாங்கிளாஸ் கணக்குப் பரீட்சையில உன் பக்கத்துல வந்து நின்னது யாருலே? நான் செருமச் செரும அடிச்சு அடிச்சுத்தான எழுதுன."

எனக்கு ஞாபகம் இருந்தது. அத்தை செருமினால் ஏனோ பயம் வரும், எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதுவேன். அவளுக்குச் சளி என்றுதான் நினைத்திருந்தேன். அந்தப் பரீட்சையில் எனக்குத்தான் முதல் மார்க். அந்த மார்க்கைப் பார்த்துத்தான், இவனுக்குப் படிப்பு வரும் என்று வீட்டில் என்னை மேலே படிக்க வைத்தார்கள்.