உங்காளுங்கதான் பெரிய பேண்ட்

அந்த ராக் பேண்டுங்களோட பேரச் சொல்ல மாட்டேன். சொன்னா நீங்களும் ஏதாவது ஒரு பக்கம் சேர்ந்துக்குவீங்க, அப்புறம் நான் சொல்ல வந்தது காணாம போயிடும். அவனோட பேண்ட், என்னோட பேண்ட், அவ்ளோதான். ரெண்டும் அமெரிக்கா. இங்கிலாந்துக்காரங்களச் சேக்கக் கூடாதுங்கறது நாங்க ஆரம்பத்துலயே போட்ட சட்டம். அவங்கள உள்ள விட்டா பத்து நிமிஷத்துல பேச்சு முடிஞ்சிரும். நாங்க முடிக்கறதுக்காகப் பேசல.

அவன் சிம்பாங் ரெங்கத்துல எண்ணெய் ஆட்டற செம்பனைக் குலை ஏத்தற லோரி ஓட்டுனான். நான் மூவார்ல நாற்காலி மேசை செய்யற ஃபேக்டரில வார்னிஷ் அடிக்கற பக்கம். ரெண்டு பேரும் ஒரே ரப்பர் தோட்டப் பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. பதினஞ்சு வயசுல பாசார் மாலாம் ராத்திரிச் சந்தைல ஆளுக்குப் பாதி காசு போட்டு ஒரு திருட்டுக் கேசட் வாங்குனோம். ஒரு பக்கம் அவனோட பேண்ட், மறுபக்கம் என்னோடது. எந்தப் பக்கத்த மொதல்ல போடறதுன்னு அன்னிக்கு ஆரம்பிச்ச சண்டை முப்பது வருஷம் ஓடுச்சு. "தமிழ்ல பாட்டே இல்லாத மாதிரி வெள்ளக்காரன் வயித்து வலில கத்தறதக் கேக்கறானுங்க"ன்னு தோட்டமே சிரிக்கும். சிரிச்சா சிரிக்கட்டும்னு விட்டுட்டோம்.

கல்யாணம் ஆகி ஆளுக்கொரு ஊர்ல ஒக்காந்த பிறகு, ஞாயித்துக்கிழமை காலைல ஆயர் ஈத்தாம்ல ஒரு மாமாக் கடைல, அதான் தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடைல, சந்திக்கறதுன்னு வெச்சுக்கிட்டோம். கடைக்காரர் ராமநாதபுரத்துப் பக்கத்து பாய். நாங்க காடிய நிறுத்தறதப் பாத்தாலே, "வந்துட்டாங்கய்யா அமெரிக்கா"ன்னு உள்ள பாத்து சத்தம் போடுவாரு. ரொட்டி சானாய் வர்றதுக்குள்ள ஆரம்பிச்சிருவோம்.

அவன் கட்சி என்னன்னா, நிக்கறவன்தான் பெரியவன். அவனோட பேண்ட் நாப்பது அம்பது வருஷமா மேடை ஏறுது. ஆளு போனா வேற ஆளு, குரல் போனா சுருதிய எறக்கிக்கிட்டு. "ட்ரம்மரக் கேளுடா. அந்தக் கை அசையுதா பாரு. அதான் பேண்ட்." எனக்கு அதெல்லாம் ஆபீஸுக்குப் போற மாதிரி. என்னோட பேண்ட் நாலே ஆல்பம் போட்டுச்சு, நாலும் நெருப்பு, அப்புறம் அடிச்சிக்கிட்டுப் பிரிஞ்சு போயிட்டானுங்க. "அப்படிப் பாட்டு எழுதினவன் அதுக்கு மேல எதுக்குடா இருக்கணும்?"னு நான் கேப்பேன். "ஓடிப்போன பசங்களுக்கு வக்காலத்து வாங்காத"ன்னு அவன் மேசையத் தட்டுவான். மூணாவது எடத்துக்கு மட்டும் ரெண்டு பேருக்கும் ஒரே பேண்ட். அதப் பத்தி நாங்க ஒரு நாள் கூடப் பேசுனதில்ல. பேசறதுக்கு என்ன இருக்கு?

விட்டுக் கொடுக்கறதுங்கறது எங்ககிட்ட கிடையாது. ஒரு வாட்டி அவனுக்கு நூத்தி மூணு காய்ச்சல், அப்பவும் போர்வைக்குள்ள இருந்து போன்ல திட்டுனான். எங்கப்பா தவறின அன்னிக்கு, பந்தலுக்கு வெளிய நின்னுகிட்டு, கண்ணத் தொடச்சிக்கிட்டே ட்ரம்மர் விஷயத்துல அவன்கூட சண்ட போட்டேன். எனக்கு அன்னிக்கு மூச்சு வந்ததே அதுலதான்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ரொட்டிய பாதில வெச்சிட்டு வயித்தப் புடிச்சான். "காஸ்ட்ரிக்லா, வேறென்ன"ன்னான். ரெண்டு மாசத்துல சட்ட தோள்ல நிக்கல. பெரிய ஆஸ்பத்திரில சேத்து எல்லா டெஸ்ட்டும் எடுத்தாங்க. டாக்டர் அவன் சம்சாரத்தையும், அவங்க தம்பியையும் தனியா கூப்ட்டு ஒக்கார வெச்சுச் சொன்னாரு. கணையம். பரவிடுச்சு. ஆபரேஷன் இல்ல, மருந்து வேணும்னா கொஞ்சம் வலி கொறையும், ரெண்டு மூணு மாசம்.

அவன்கிட்ட சொல்ல வேணாம்னு அன்னிக்கே அவங்க முடிவு பண்ணிட்டாங்க. நம்ம வீடுங்கள்ல அப்படித்தான. பித்தப்பைல கல்லு இருக்கு, மருந்துல கரைச்சிரலாம்னு சொல்லி வெச்சாங்க. அவன் சம்சாரம் ஆஸ்பத்திரி காடி நிறுத்தற எடத்துல என் கையப் புடிச்சிக்கிட்டாங்க. "அண்ணே, எனக்கு, என் தம்பிக்கு, உங்களுக்கு. வேற யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா அவரு அன்னிக்கே படுத்துருவாரு, எனக்குத் தெரியும். இருக்கற நாளையாவது அவரு அவரா இருக்கட்டும்ணே." என் பொண்ணு தலை மேல சத்தியம் பண்ணேன். கேக்காமலே பண்ணேன்.

அந்தம்மா சொன்னது உண்மைதான். அவன் கல்லுன்னே நம்பிக்கிட்டு இருந்தான். படுத்துக்கிட்டே லோரி பேட்டரிய மாத்தச் சொல்லி மெக்கானிக்குக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பறான். தீபாவளிக்குள்ள வேலைக்கு எறங்கிருவேன், இந்தக் கஞ்சிய நிறுத்துனா போதும்ங்கறான். நர்ஸ்கிட்ட மலாய்ல வம்பு பண்றான். அந்த நம்பிக்கை ஒண்ணுதான் அவன ஒக்கார வெச்சிருந்துச்சு. அது எங்க மூணு பேரு வாயில இருந்துச்சு.

ஒரு ஞாயித்துக்கிழமை காலைல போனேன். சம்சாரம் குளிச்சிட்டு வர வீட்டுக்குப் போயிருந்தாங்க. என்னப் பாத்ததும் அவன் மொகம் மலர்ந்துச்சு. "வாடா ஓடிப்போனவன் ரசிகா"ன்னான். போன எடுத்து, இயர்ஃபோன்ல ஒண்ண என் காதுல சொருகி, இன்னொண்ண அவன் வெச்சுக்கிட்டான். அவனோட பேண்ட் புதுசா ஏதோ ஊர்ல வாசிச்ச வீடியோ. கெழவனுங்க. ஒருத்தன் ஸ்டூல்ல ஒக்காந்து வாசிக்கறான். எட்டு நிமிஷம் பாத்தோம். அவன் விரலு மெத்தை மேல தாளம் போடுது. கைல கட்டியிருந்த ஆஸ்பத்திரி பட்டை முழங்கை வரைக்கும் சரிஞ்சு சரிஞ்சு வருது.

"இப்ப சொல்லு. யாரு பெரிய பேண்ட்?" மூச்சு வாங்கிக்கிட்டே கேட்டான்.

நான் எப்பவும் சொல்றதச் சொல்லியிருக்கணும். போடா, பென்ஷன் வாங்க வேண்டிய வயசுல கிட்டார் எதுக்குன்னு சொல்லியிருக்கணும். வாயில வரல. அந்தத் தோள்பட்டை எலும்பப் பாத்துக்கிட்டு எனக்கு எப்படி வரும்? ஒரு தடவ, ஒரே ஒரு தடவ அவன் ஜெயிச்சிட்டுப் போகட்டுமேன்னு தோணுச்சு. பாசம்தான். மடத்தனமான பாசம்.

"நீ சொல்றதுதாண்டா சரி. உங்காளுங்கதான் பெரிய பேண்ட்"னேன்.

சிரிக்க வாயத் தொறந்தான். அப்படியே நின்னுடுச்சு. இயர்ஃபோன மெதுவா கழட்டுனான்.

"என்ன சொன்ன?"

"உங்காளுங்கதான்னேன்." முட்டாப் பய, திரும்பவும் சொன்னேன்.

போன அணைச்சு தலகாணி பக்கத்துல வெச்சான். அப்புறம் சாதாரணமா, டைம் கேக்கற மாதிரி கேட்டான். "எத்தன மாசம்னு சொன்னாங்க?"

"அலமாக், என்னடா ஒளர்ற? கல்லுதான…"

"உங்கப்பா பொணத்த வெச்சுக்கிட்டு என்கூட சண்ட போட்டவன்டா நீ."

சும்மா சொன்னேன், வெளையாட்டுக்குச் சொன்னேன், உன் ட்ரம்மர் பக்கெட் தட்டறவன், எங்காளுங்க ஒரு பாட்டுக்கு வருவானுங்களான்னு என்னென்னமோ கத்துனேன். பக்கத்துக் கட்டில்ல இருந்த சீனக் கெழவரு திரும்பிப் பாத்தாரு. அவன் எல்லாத்தையும் கேட்டுட்டு, "ஆமாண்டா"ன்னான். "நீ சொல்றதும் சரிதான்." அப்புறம் செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டான்.

நான் அவன் சம்சாரம் வர்ற வரைக்கும் ஒக்காந்திருந்தேன். அவங்க வந்ததும் "தூங்கறான்"னு சொல்லிட்டு எறங்கிட்டேன். அவன் தூங்கல.

அதுக்கப்புறம் தெனமும் வாட்சாப்ல அவன சீண்டிப் பாத்தேன். உன் பாட்டுக்காரன் வரிய மறந்துட்டான் பாருன்னு வீடியோ அனுப்புனேன். இங்கிலாந்துக்காரங்களையும் சேத்துக்கலாம்னு கூட எழுதுனேன், அதுக்காவது கோவம் வரும்னு. கட்டை விரல தூக்கிக் காட்டற படம் ஒண்ணு வரும். அவ்ளோதான். லோரிய வித்துடச் சொல்லிட்டான். நர்ஸ்கிட்ட பேசறதில்ல. கஞ்சிய வாய்ல வெச்சா தலைய திருப்பிக்கிட்டான். யாரு என்ன சொன்னாலும் சரின்னான். டாக்டர் ரெண்டு மூணு மாசம்னு சொன்னாரு, அவன் மூணு வாரத்துல போயிட்டான்.

கருமாதி அன்னிக்கு அவன் சம்சாரம் என்னைய அடுப்படிப் பக்கம் கூப்ட்டாங்க. "என் தம்பிதாண்ணே சொல்லியிருக்கான். அவனுக்குச் சின்ன வயசுல இருந்தே வாயி நிக்காது. அந்த ஞாயித்துக்கிழமை மத்தியானம் அவன்தான் அவருகூட ஒக்காந்திருந்தான். சாயங்காலம் அவரு என்கிட்ட எல்லாத்தையும் கேட்டாரு. யாரு சொன்னதுன்னு மட்டும் சொல்லவே மாட்டேன்னுட்டாரு. நீங்க ஒருத்தர்தான் கொடுத்த வாக்க காப்பாத்துனீங்க."

என்னக் காட்டிக் கொடுக்காம போயிருக்கான். வெளிய கூடாரத்துக்குக் கீழ அந்தத் தம்பி ஒத்தையா நாற்காலிங்கள அடுக்கிக்கிட்டு இருந்தாரு. யாரும் அவருகிட்ட பேசல. நான் ஒண்ணும் சொல்லலியே, பேண்டப் பத்தித்தான பேசுனேன்னு எனக்குள்ள ஒரு வக்கீல் எந்திரிச்சு நின்னான். "விடுங்க தங்கச்சி"ன்னு சொன்னேன்.

அக்கா இன்னும் தம்பிய வீட்டுப் படி ஏற விடல. போன மாசம் ஆயர் ஈத்தாம்ல பெட்ரோல் போடற எடத்துல அந்தத் தம்பி என்னப் பாத்து ஓடி வந்தாரு. பாதி முடி நரைச்சிருச்சு. "அண்ணே, சாமி சத்தியமா நான் மாமாகிட்ட ஒண்ணுமே சொல்லல. அக்கா நீங்க சொன்னா நம்புவாங்க. ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே"ன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு.

சொல்றேன்பான்னு சொன்னேன். இன்னும் சொல்லல.