கருத்து நோட்டில் ஒரு கொலைகாரன்

வாடகைக்குப் புத்தகம் விடுகிறவனுக்குப் புத்தகமும் முழுசாகத் திரும்பி வராது, மரியாதையும் முழுசாகக் கிடைக்காது. கொளுத்துங்கள் கற்பூரத்தை, அணைத்துச் சத்தியம் செய்கிறேன்: இதில் ஓர் எழுத்துக்கூடப் பொய் கிடையாது. இரவல் கொடுத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் என் இனத்தாரே, உங்களுக்குத்தான் இது புரியும்.

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில் என் கடை. அங்கே ஒரே ஒரு சட்டம்தான். புத்தகத்தைத் திருப்பித் தரும்போது கருத்து நோட்டில் இரண்டு வரி எழுத வேண்டும். எழுதாதவருக்கு அடுத்த புத்தகம் கிடையாது. பதினொரு பேரைக் கொன்ற ஒருவனைப் பற்றிய உண்மைக் கதைப் புத்தகம் வந்தது. இந்தச் சட்டத்தால் அது என் வாடிக்கைக்காரப் பையன் செல்வத்தின் கல்யாணத்தைப் பன்னிரண்டாவதாகக் கொல்லப் பார்த்தது.

அட்டையின் உபயோகம்

அட்டையில் ரத்தம் சொட்டும் அரிவாள். உள்ளே பதினொரு கொலையும் மாத்திரையால். அட்டை போட்டவர் புத்தகத்தைப் படிக்கவில்லை போலிருக்கிறது. முதலில் எடுத்துப் போனவர் கந்தர்வக்கோட்டை முந்திரி வியாபாரி ஒருவர். பஸ்ஸில் அதை விரித்து வைத்து, நடுநடுவே பக்கத்து சீட்டுக்காரர் கழுத்தைப் பார்த்தாராம். மூன்று சீட் காலியானதாக அவர் சொன்னார். நான் விசாரித்ததில் ஏழு. கண்டக்டர் டிக்கெட்டை எட்ட நின்று நீட்டியிருக்கிறார். புத்தகம் எப்படி என்று கேட்டேன்.

"அருமையான புத்தகம்ங்க. ஊரு வரைக்கும் காலை நீட்டிக்கிட்டே போனேன்!"

நூற்றுக்கு நாற்பது

அடுத்து ரிடையர்டு டீச்சரம்மா. சிவப்புப் பேனா இல்லாமல் புத்தகத்தைத் தொட மாட்டார். நான்காவது கொலைக்குப் பக்கத்தில் 'இடம் சொல்லப்படவில்லை' என்று எழுதியிருந்தார். ஏழாவது கொலைக்கு ஒரு பெரிய கேள்விக்குறி. கடைசிப் பக்கத்தில் 40/100. பயமாக இருந்ததா என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கொலைகாரன் ஒழுங்காத்தான் செஞ்சிருக்கான் சார். எழுதினவருக்குத்தான் வரிசையாச் சொல்ல வரலை."

மாப்பிள்ளையின் இரண்டு வரி

செல்வம் மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கிற பையன். கொசு கடித்தால், அது குடித்து முடிக்கும்வரை கையை அசைக்காத சாது. அவன் அந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நோட்டில் இப்படி எழுதிப் போயிருக்கிறான்: 'வாழ்க்கைக்கு மிகவும் பயனுள்ள நூல். இதன்படி நடந்தால் குடும்பம் சிறக்கும்.' நான் அதைப் படித்துப் பார்க்கவில்லை. எழுதுகிறார்களா என்று பார்ப்பேனே தவிர, என்ன எழுதுகிறார்கள் என்று யார் பார்த்தது?

பார்த்தவர் அறந்தாங்கிக்காரர், அவனுக்குப் பேசி முடித்திருந்த பெண்ணின் அப்பா. மாப்பிள்ளையைப் பற்றி மற்றவர்கள் டீக்கடையிலும் சலூனிலும் விசாரிப்பார்கள். இவர் பையன் என்ன படிக்கிறான் என்று கேட்டு என்னிடம் வந்தார். "நல்ல படிப்பாளிங்க!" என்று நோட்டை நானே விரித்து நீட்டினேன். படித்தார். அட்டையைப் பார்த்தார். மறுபடி நோட்டைப் பார்த்தார்.

சமாளித்தேன். கடைசி அத்தியாயத்தில் கொலைகாரன் திருந்தி, அன்னதானம் செய்து, போலீஸ்காரர்களே வரிசையில் நின்று சாப்பிடுகிறார்கள் என்றேன். அவர் அட்டையைத் தட்டிக் காட்டினார். அரிவாளால்தான் கொன்றானா என்று கேட்டார். சேச்சே, வெறும் மாத்திரைதாங்க என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் மெதுவாக எழுந்தார்.

"பையன் மெடிக்கல் ஷாப்புலதானங்க வேலை பாக்குறாப்ல?"

பெண்ணின் தீர்ப்பு

பூ வைப்பது நின்றுபோனது. செல்வம் வந்து கண் கலங்கி நின்றான். என்னைத் திட்டக்கூட அவனுக்குத் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து அறந்தாங்கி பஸ்ஸில் வந்து இறங்கினாள் அந்தப் பெண் கவிதா. நோட்டை வாங்கி முதல் பக்கத்திலிருந்து புரட்டினாள். கோழி வளர்ப்பு, ஊறுகாய் வகைகள், கிணற்று மோட்டார் ரிப்பேர் என்று செல்வம் எடுத்த புத்தகம் எல்லாவற்றுக்கும் அதே இரண்டு வரிதான்.

என் எதிரிலேயே அவனுக்குப் போன் போட்டாள். "படிக்காமயே எழுதுவீங்களா?" என்று கேட்டாள். ஸ்பீக்கரில் அவன் குரல் வந்தது. "எல்லாம் படிப்பேங்க. குறை எழுதினா அவங்க மனசு கஷ்டப்படும்லங்க." யார் மனசு என்றாள். "எழுதினவரு மனசு... அந்தக் கொலைகாரரு மனசுந்தாங்க."

போனை வைத்துவிட்டு நோட்டை என்னிடம் நீட்டினாள்.

"அப்பாகிட்ட நான் பேசிக்கிறேங்க ஐயா. பதினோரு பேரைக் கொன்னவன் மனசே நோகக் கூடாதுங்கிற ஆளு, என்னைய என்ன செஞ்சிரப் போறாரு?"

படித்தவர்கள் யாரும் கெட்டுப்போகவில்லை, கருத்துக் கேட்ட நான்தான் ஒரு குடியைக் கெடுக்கப் பார்த்தேன். இதை நான் சொன்னதாக மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள், கல்யாணப் பத்திரிகை இன்னும் என் கைக்கு வந்து சேரவில்லை.