இடது சக்கரத்தின் ராசி

ஒரு வண்டியின் முன்சக்கரம் டொக் டொக்கென்று சத்தம் போட்டால் நீங்கள் முதலில் எதைச் சோதிப்பீர்கள்? சக்கரத்தையா, ஓட்டுகிறவளின் ராசியையா? சிரிக்காதீர்கள். படித்தவர்கள் வீட்டிலும் முதலில் ராசியைத்தான் சோதிக்கிறார்கள்.

வேன் அத்தை வீட்டிலும் அதுதான் நடந்தது. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவதால் தெருவே அவளை அப்படித்தான் கூப்பிடும். முன்பு அந்த வேனை ஓட்டியவர் அவள் கணவரின் அண்ணன். வீட்டில் அவர் பெரியவர்; பிள்ளைகள் வாயில் டியூப் பெரியப்பா. பழைய சைக்கிள் டியூபைக் கத்தரித்து அவர் கட்டிவைக்காத பொருள் அந்த வீட்டில் கிடையாது. வாளியின் பிடி, நாற்காலியின் கால், தன் மூக்குக்கண்ணாடி என்று எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம். கண்ணில் புரை விழுந்து அவர் ஸ்டியரிங்கை விட்டபோது, நான் ஓட்டுகிறேன் என்று முன்வந்தவள் தம்பி மனைவிதான்.

அவள் கைக்கு வேன் வந்த கொஞ்ச நாளில் சத்தமும் வந்தது. தன் காலத்தில் பூனை நடப்பதுபோலப் போன வண்டி என்று பெரியவர் பெருமூச்சு விட்டார். தெருமுனை மெக்கானிக் டயரை ஓர் உதை உதைத்துவிட்டு, பொம்பளை ஓட்டினால் இப்படித்தான் என்று தீர்ப்புச் சொன்னார். டயருக்கு வாய் இருந்திருந்தால் மேல்முறையீடு செய்திருக்கும்.

பெரியவர் ஒரு படி மேலே போனார்.

"உன் ஓட்டுல குத்தம் இல்லம்மா. கை ராசி அப்படி. அதுக்கு நீ என்ன பண்ணுவ?"

ஞாயிறு சாயங்காலம் வேனை வாங்க ஆள் வருவதாகவும் சொன்னார். திட்டியிருந்தால் அவளும் திருப்பித் திட்டியிருப்பாள். அந்தக் கனிவுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேன் போனால் தெரு போகும், சாலை போகும், மறுபடி நாலு சுவர்தான்.

"ராசி தேயாது மாமா. சத்தம் வருதுன்னா ஏதோ தேய்ஞ்சிருக்கு" என்றாள்.

ஞாயிறு காலை, வாசலிலேயே வேலை தொடங்கியது. ஒத்தாசைக்குக் கணவர். அவர் தையல்காரர், தையல் மெஷினைத் தவிர வேறெந்த இயந்திரத்தோடும் அவருக்குப் பேச்சுவார்த்தை இல்லை. பதினேழாம் நம்பர் ஸ்பேனர் கேட்டால், கழுத்தில் தொங்கிய டேப்பால் அளந்துபார்த்துக் கொடுத்தார். அவள் வேனை ஜாக்கியால் தூக்கி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் அடியில் இரும்பு ஸ்டாண்டும் வைத்தாள். அந்தரத்தில் தொங்கிய இடது சக்கரத்துக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினாள்.

டொக்.

"உன் ராசி பேசுது" என்றார் கணவர்.

பேசியது பால் ஜாயிண்ட். நம் இடுப்பு மூட்டைப் போன்றதுதான்: ஒரு கிண்ணம், அதற்குள் சுழலும் இரும்பு உருண்டை, வழுக்க கிரீஸ், தூசி புகாமல் மேலே ரப்பர் உறை. சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் உறையைக் காணோம். அந்த இடத்தில் கறுப்பாக ஒரு பட்டை, இறுக்கிச் சுற்றி இரட்டை முடிச்சுப் போட்டிருந்தது. அந்த முடிச்சை அவளுக்குத் தெரியும். குளியலறை வாளியில் தினமும் பார்க்கிற முடிச்சு.

அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். பிறகு குரல் கொடுத்தாள்.

"மாமா, கண்ணாடி போட்டுட்டு வாங்க."

டியூப் கட்டிய கண்ணாடியோடு வந்து குனிந்தவர் நிமிரவே இல்லை. கணவரின் துணிக் கத்தரியை, அவர் பதறப் பதற, வாங்கிப் பட்டையை வெட்டினாள். உள்ளே கிரீஸுக்குப் பதில் துருவும் சேறும் கூழாக வழிந்தன.

"ரப்பர் கிழிஞ்சிருந்துச்சு. தூசி உள்ள போகக்கூடாதேன்னு கட்டினேன்" என்றார் பெரியவர்.

"போன சேறு வெளிய வராமயும் கட்டிட்டீங்க."

"நல்ல கெட்டியான ராசிண்ணே" என்றார் தம்பி. யாரும் சிரிக்கவில்லை.

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ரப்பர் கிழிஞ்சது யார் குத்தமும் இல்ல மாமா. ஆனா என் கை மேல ஒரு பழியப் போட்டீங்களே, அத எடுத்துக்குங்க."

பெரியவர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"எடுத்துக்கிட்டேன்" என்றார். போகாமல் அங்கேயே உட்கார்ந்தும் கொண்டார்.

அதுவும் நல்லதாயிற்று. நட்டைத் தளர்த்தியும் ஜாயிண்டின் தண்டு அசைய மறுத்தது. தண்டின் தலையில் அடிக்காதே, அது செருகியிருக்கும் இரும்பின் பக்கவாட்டில் அடி என்றார் பெரியவர். சுத்தியல் சரியான இடத்தில் விழ, தண்டு பல் விழுந்த மாதிரிக் கழன்றது. கணவர் கடையிலிருந்து ஜோடியாக வாங்கிவந்ததில் ஒரு புது ஜாயிண்ட் ஏறியது. போல்ட்டுகளை முறுக்கி, நட்டு கழன்றுவிடாமல் பூட்டு ஊசியைச் செருகி மடக்கினாள். வலது பக்கத்தையும் விடவில்லை. அங்கேயும் ஒரு டியூப் பட்டை காத்திருந்தது; அந்த ஜாயிண்டையும் மாற்றினாள். சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று மறுநாள் பட்டறையில் சரிபார்க்க வேண்டும் என்றும் முடிவாயிற்று.

சாயங்காலம் வாங்க வந்தவர் தெருமுனைப் பள்ளம்வரை ஓட்டிப் பார்த்துத் திரும்பினார். சத்தமே இல்லை, பிடித்துப்போயிற்று என்று பையைத் திறந்தார்.

"விக்கலைங்க" என்றார் பெரியவர். "ஓட்டுறதுக்கு வீட்லயே ஆள் இருக்கு."

உங்கள் வீட்டிலும் ஒருத்தியின் கை மேலோ, கால் மேலோ, பிறந்த நேரத்தின் மேலோ இப்படி ஒரு பழி கிடக்கும். இன்றைக்கே சக்கரத்தைத் தூக்கி நெம்பிப் பாருங்கள். தேய்ந்தது எதுவென்று கண்ணால் கண்டபின், அவளிடம் போய் அந்தப் பழியைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.