பிரிக்கக் கூடாத கவர்

என் அப்பா போடியில் ஏலக்காய் வியாபாரி. மூட்டை எந்த எஸ்டேட்டிலிருந்து வந்தாலும் சரி, அனுப்பியவர் எத்தனை வருடப் பழக்கமானாலும் சரி, வாயைப் பிரித்து, முழங்கை வரை கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளிப் பார்க்காமல் அடுத்த ஊருக்கு ஏற்ற மாட்டார். மேலே நல்ல பச்சைக் காயைப் பரப்பி அடியில் வெளுத்த காயைத் திணித்து அனுப்புகிறவர்கள் உண்டு. பிரித்துப் பார்க்காமல் சரக்கை அனுப்புகிறவனை அவர் வியாபாரி என்றே ஒத்துக்கொள்வதில்லை. இதையெல்லாம் விவரம் தெரிந்த நாளிலிருந்து பார்த்தவள் நான். அப்படியிருந்தும் அந்தக் கவரைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன் பாருங்கள், என்னை எதால் அடிப்பது?

கவருக்குள் இருந்தவை என் கல்லூரி மதிப்பெண் விவரங்கள். மதுரையில் உள்ள ஒரு கணக்கு அலுவலகத்துக்கு நான் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். அமெரிக்காவில் இருக்கும் பல் டாக்டர்களுக்கும் ஓட்டல்காரர்களுக்கும் போடியில் உட்கார்ந்து வரிக்கணக்குப் பார்க்கிற வேலை. ஒருநாள் மேலாளர் எங்கள் எல்லோரையும் கணினித் திரையில் கூட்டி வைத்து, சி.பி.ஏ. என்கிற அந்த நாட்டு ஆடிட்டர் தேர்வை எழுதத் தகுதி பெற்றவர்களுக்குத்தான் அடுத்த ஆண்டும் வேலை என்று சொல்லிவிட்டார். சிரித்த முகமாகத்தான் சொன்னார். 

தகுதி என்றால் தேர்வில் தேறுவது அல்ல. அதற்கு முந்தைய படி. நாம் படித்த படிப்பு போதுமா என்று அங்கே ஒரு நிறுவனம் எடைபோட்டுப் பார்க்கும். நம்மூர்க் கல்லூரியில் ஓராண்டு படித்தால் முப்பது கிரெடிட் என்று அவர்கள் புள்ளி போடுவார்கள். தேர்வு எழுத நூற்றிருபது வேண்டும். என் பி.காம். மூன்று வருடம், தொண்ணூறோடு நின்றுவிடும். மிச்சத்துக்கு நான் நம்பியிருந்தது என் எம்.காமை. அதை நான் படித்தது தபால் வழியில். வகுப்பு என்று பார்த்தால் எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மற்ற நாளெல்லாம் அப்பாவின் கடையில் மூட்டைகளுக்கு நடுவே ஸ்டூலைப் போட்டுப் படித்தேன். வந்து போகிறவர்களுக்குக் காப்பி சொல்லிக்கொண்டே படித்த அதைப் படிப்பு என்று அமெரிக்காக்காரன் ஒத்துக்கொள்வானா? என் பயமெல்லாம் அதுதான். வேலை போவது ஒரு பக்கம். முன்பின் தெரியாத ஒருவர், நீ படித்தது படிப்பே இல்லையம்மா என்று சொல்லிவிடுவாரோ என்று நினைத்தால் சோறு இறங்காது.

மதிப்பெண் விவரங்களைப் பல்கலைக்கழகமே கவரில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் கையெழுத்தும் முத்திரையும் வைத்துத் தரும். அது பிரிக்கப்படாமல் அப்படியே அமெரிக்கா போய்ச் சேர வேண்டும். நடுவில் யார் பிரித்தாலும் செல்லாது. அலைந்து திரிந்து மதுரையில் அதை வாங்கி வந்தேன். அம்மாவிடம், ஈரக் கையால் தொடாதே என்று மிரட்டி வைத்தேன். மறுநாள் வேலை கழுத்தை நெரித்ததால், தேனிக்குக் கிளம்பிய அப்பாவிடம் கொடுத்து, கூரியரில் போட்டுவிடச் சொன்னேன். பிரிக்காதீர்கள் என்று சொல்லத் தோன்றவில்லை.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர், ரசத்தை ஊற்றிக்கொண்டே, "ஆத்தா, ஒன் சரக்கு சுத்தமா இருந்துச்சு" என்றார்.

"எந்தச் சரக்குப்பா?"

"அந்தக் கவருதான். கடையில வச்சுப் பிரிச்சு ஒவ்வொரு தாளா பாத்தேன். ஒண்ணும் கொறயல. பழைய கவரு கொஞ்சம் கிழிஞ்சு போச்சு, அதான் புதுக் கவரா போட்டு நல்லா டேப் சுத்தி அனுப்பிட்டேன்."

என் காது அடைத்துக்கொண்டது. நான் என்ன கத்தினேன் என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்ததும், அப்பா சோற்றுக் கையோடு எழுந்து நின்றதும் மட்டும் நினைவிருக்கிறது. தன் கடையில் எவ்வளவோ நட்டத்தைப் பார்த்தவர் அவர். அவர் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை.

"சாயங்காலந்தான் மதுரை வண்டி எடுக்கும்னு கூரியர்ல சொன்னாக. வா, புடிச்சிரலாம்" என்று வண்டியை எடுத்தார்.

தேனி போகிற வழி முழுக்க அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து திட்டிக்கொண்டே போனேன். ரயில்வே கேட் வேறு அடைத்துவிட்டது. பாதையை மாற்றுகிறோம் என்று பல வருடம் ரயிலே வராத ஊரில் சரியாக அன்றைக்கு அந்த நேரத்துக்கு ரயில் வந்தது. பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கடக்க, எனக்கு அழுகை முட்டியது. அப்பா திரும்பிப் பார்க்காமலே, "போயிரலாம் ஆத்தா, போயிரலாம்" என்றார். எனக்குச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை.

கூரியர் கடையில் சாக்கைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா ரசீதை நீட்டிக் கெஞ்சினார். கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே கட்டை அவிழ்த்துக் கவரைத் தேடி எடுத்துக் கொடுத்தார். நான் அங்கேயே டேப்பைப் பிய்த்தேன். தாள்களோடு மேசைமேல் உருண்டு விழுந்தது ஒரு பிடி ஏலக்காய். முதல்தரக் காய், நல்ல பச்சை.

"என்னப்பா இது?"

"நம்ம ஊரு காயி. பிரிக்கிறவுகளுக்கு வாசமா இருக்கட்டுமேன்னு போட்டேன்."

கூரியர்க்காரர் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, காய் போட்டு அனுப்பியிருந்தால் அங்கன கஸ்டம்ஸில் புடிச்சு வச்சிருப்பாக என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தூக்கித் தூர எறியலாம் போலிருந்தது, காயையும் அப்பாவையும் சேர்த்து.

மறுநாள் நான் கேட்காமலே, எனக்குப் பதிலாக அவர் வாங்கலாம் என்று என்னிடம் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு அப்பா மதுரைக்குக் கிளம்பினார். மறுபடி விண்ணப்பம், மறுபடி காத்திருப்பு. சில வாரம் கழித்து மறுபடி போய்ப் புதுக் கவரோடு வந்தார். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும், மடங்கிவிடும் என்று நின்றுகொண்டே வந்தாராம். "எதுக்கு ரெண்டாவது தடவைன்னு கவரு குடுத்த அம்மா கேட்டாக. நாந்தான் பிரிச்சுட்டேன்னு சொன்னேன்" என்றார். இந்தத் தடவை நானே போய்க் கூரியரில் போட்டேன்.

அதற்குப் பிறகுதான் உண்மையான கிலி பிடித்தது. கவர் போய்ச் சேர்ந்த பிறகு கைபேசி சிணுங்கும்போதெல்லாம் அவர்கள்தானோ என்று ஓடிப்போய்ப் பார்ப்பேன். தெரிந்தவர்கள் கோயிலில் பார்த்தால், "என்னாச்சு, பரீட்சை எழுதுறியா?" என்பார்கள். "இன்னும் அங்கருந்து பதில் வரல" என்பேன். அலுவலகத்தில் கேட்டாலும் அதே பதில். தேர்வுப் புத்தகங்களை வாங்கி அலமாரியில் அடுக்கியிருந்தேன். பதில் வரட்டும், பிறகு தொடலாம் என்று இருந்தேன். பதிலே தெரியாமல் எவள் படிப்பாள்?

ஒரு நாள் காலையில், பால் காய்ந்துகொண்டிருக்கும்போது பதில் வந்தது. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு வாசித்தேன். பி.காம். ஏற்கப்பட்டது. எம்.காம். ஏற்கப்பட்டது. நூற்றிருபதுக்கு மேலேயே இருக்கிறது. தேர்வு எழுதலாம். வேலையும் தப்பியது.

அம்மா சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள். அப்பா நம்பாமல் இரண்டு தடவை கேட்டார். "அப்ப, கடையில உக்காந்து படிச்சதையும் படிப்புன்னு ஒத்துக்கிட்டாகளா?"

"ஒத்துக்கிட்டாகப்பா."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்: "இனி யாரக் கேக்கணும் ஆத்தா?"

"யாரயும் கேக்க வேணாம்ப்பா. பரீட்சைக்கு நாந்தான் தேதி குறிக்கணும்."

சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது.  வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்றுதான் இத்தனை மாதமும் நடுங்கியதாக நினைத்திருந்தேன். வேண்டாம் என்று சொல்லிவிட மாட்டார்களா என்றும் மனதின் ஒரு மூலையில் காத்திருந்திருக்கிறேன். அவர்களே சொல்லிவிட்டால், என்னால் முடியாது என்று நான் சொல்ல வேண்டியிருக்காது.

"எப்ப வச்சுக்கிற?" என்றார் அப்பா. கடைக்குப் போகச் சட்டையை மாட்டியவர், பொத்தானைக்கூடப் போடாமல் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே பால் பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. யாரும் நகரவில்லை.

"தை மாசம்ப்பா" என்றேன். குரல் எழும்பவில்லை. அவருக்குக் கேட்காமல், இன்னொரு தரம் சொல்ல வேண்டியதாயிற்று.