பச்சை மைக் கையெழுத்து

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அஸ்தினாபுரத்தில் குடியிருந்தோம். நான் அரசு அதிகாரி என்பதால், சான்றிதழ் நகல்களில் பச்சை மையில் சான்றொப்பம் வாங்கத் தெருப்பிள்ளைகள் என்னிடம் வருவார்கள்.

ஒரு நாள் காலை எதிர்வீட்டு ஆட்டோ ஓட்டுநரின் மகள் செல்வி, கல்லூரி உதவித்தொகைக்காக மதிப்பெண் பட்டியலின் நகலோடு வந்தாள்.

"ஒரிஜினல் எங்கம்மா?"

"காலேஜ்ல வாங்கி வச்சிக்கினாங்க சார். அட்மிஷனுக்கு நீங்க போட்டுக் குடுத்த காப்பியத்தான் ஜெராக்ஸ் எடுத்தேன். தோ, உங்க கையெழுத்தே கீது பாருங்க."

இருந்தது.

"இது கருப்பா இல்ல இருக்கு? ஒரிஜினலைப் பார்க்காம போட மாட்டேம்மா. ரூல் அப்படி."

அந்த ஒரிஜினலை முந்தைய மாதம்தான் கையில் வாங்கிப் பார்த்திருந்தேன். அவளுடைய கணக்கு மதிப்பெண்கூட நினைவிருந்தது.

"சரி சார்" என்று போய்விட்டாள். விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

உதவித்தொகை கிடைக்காமல் அந்த ஆண்டோடு படிப்பு நின்றது. தாம்பரத்தில் ஒரு துணி ஏற்றுமதிக் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். ஒருமுறை குரோம்பேட்டை பஸ் நிறுத்தத்தில் சாப்பாட்டுப் பையோடு நின்றவள், "நல்லா கீறீங்களா சார்?" என்று சிரித்தாள். எனக்குள் ஒன்றும் அசையவில்லை. தலையாட்டிவிட்டு பஸ் ஏறினேன்.

ஓய்வு பெற்ற பிறகு பச்சை மையில் கையெழுத்துப் போடும் உரிமை எனக்கில்லை. விண்ணப்பம் நிரப்பித் தரச் சொல்லி இன்றும் பிள்ளைகள் வருகிறார்கள். பேனாவைத் திறக்கும் முன் கேட்டுவிடுகிறேன்: "கடைசி நாள் என்னிக்கும்மா?"