பூரிக்கு நாலு மணிப் பாடம்

இது நடந்தது போன வருடம், பொங்கல் கழிந்து ஒரு மாதம் இருக்கும். திண்டிவனத்தில் ஒரு வீட்டின் மாடியில் நானும் என் நாயும் குடியிருக்கிறோம். கணவர் போன பிறகு அம்மா தனியாக இருக்கிறாளே என்று விழுப்புரத்தில் இருக்கும் மகள் கொண்டுவந்து விட்ட நாய் அது. குட்டியாக இருந்தபோது உப்பிப்போய் உருண்டையாக இருக்கும். அதனால் பேரப்பிள்ளைகள் பூரி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

எனக்கு முதலில் நாய் என்றாலே பயம்தான். ஒரே வருடத்தில், பூரி காலடியில் படுத்திருந்தால்தான் காபி இறங்கும் என்கிற அளவுக்கு ஆகிவிட்டேன். அதனிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம். கீழே கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டால் போதும், வீடே அதிரக் குரைக்கும்.

கீழ் வீட்டில் வீட்டுக்காரம்மாவும் அவர் மகளும் இருக்கிறார்கள். மகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ராத்திரி டியூட்டி முடிந்து வந்து பகலில்தான் தூங்கும். பூரி குரைத்தால் அந்தப் பெண் எழுந்துவிடும். ஓடிப்போய் டப்பாவிலிருந்து ஒரு பொறை ரொட்டியை எடுத்து அதன் வாயில் வைப்பேன். “சும்மா இருப்பா சாமி” என்று கெஞ்சுவேன். தின்று முடிக்கிற வரைக்கும் சத்தம் இருக்காது. பிறகு மறுபடியும் கேட் திறக்கும், மறுபடியும் பொறை.

ஒருநாள் காலையில் வீட்டுக்காரம்மா பாதிப் படி ஏறி வந்து நின்றார்.

“பெரீம்மா, எம் பொண்ணு ராவெல்லாம் முழிச்சிக்கினு இருந்துட்டு வந்து படுக்குது. உங்க நாயி ஒரு பொழுதாவது தூங்க வுடுதா? இந்த மாசம் முடியறதுக்குள்ள இத்த எங்கனா அனுப்பிடுங்க. இல்லன்னா வேற வீடு பாத்துக்குங்க. கோச்சிக்காதீங்க.”

அவர் சொன்னதில் தப்பே இல்லை. நான் “சரிங்க” என்றேன். இன்னும் கொஞ்ச நாள் கொடுங்கள் என்று கேட்கத் தயங்கி உள்ளே வந்துவிட்டேன். சின்ன வயதிலிருந்தே நான் அப்படித்தான். மூன்று வருடமாக அந்த வீட்டில் இருக்கிறேன், ஒரு கறிவேப்பிலைக்குக்கூடக் கீழே இறங்கிப் போய்க் கேட்டதில்லை.

மகளுக்குப் போன் செய்தேன். அனந்தபுரம் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டிருக்கும் சொந்தக்காரர் ஒருவர், பூரியை அந்தக் கொல்லையில் காவலுக்குக் கட்டிப்போட்டுக் கொள்கிறாராம். அதைக் கேட்டதும் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மெத்தென்று என் காலில் தலை வைத்துத் தூங்குகிற பிராணி, மோட்டார் கொட்டகையில் சங்கிலியோடு எப்படி இருக்கும்? என் குரலைக் கேட்டு மகளே மனசு இளகி, “இங்க ஞாயித்துக்கெழம நாய்ங்களுக்குப் பயிற்சி குடுக்கறாங்கம்மா. ஒரு தபா இட்டுனு வா, பாப்போம்” என்றாள். மருமகன் காரில் வந்து எங்கள் இரண்டு பேரையும் அழைத்துப் போனார்.

மைதானத்தில் பத்து நாய்களாவது இருக்கும். கூட வந்தவர்கள் எல்லாம் “சிட், ஸ்டே” என்று இங்கிலீஷில் அதட்டிக்கொண்டிருந்தார்கள். அஞ்சாவதோடு நின்றவள் நான். பூரியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓரமாக ஒரு மரத்தடியில் நின்றுவிட்டேன். பயிற்சி கொடுப்பவர் தானாகவே என்னிடம் வந்தார். போலீஸ் நாய்களைப் பழக்கி ஓய்வு பெற்றவராம்.

“இவரு இன்னா தப்பு பண்றாரும்மா?”

“கேட் சத்தம் கேட்டா குரைக்குதுங்க.”

“குரைச்சா நீங்க இன்னா பண்ணுவீங்க?”

“பொறை குடுப்பேங்க.”

“எத்தினி நாளா?”

“ஒரு வருசமாங்க.”

அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். “அப்ப உங்க நாயி ஃபர்ஸ்ட் ரேங்க்குமா! குரைச்சா பொறை வரும்னு கரெக்டா கத்துக்கிச்சி. பாடத்த மாத்த வேண்டியது வாத்தியாருதான்.”

பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். வெட்கத்தில் என் காது சூடாகிவிட்டது. குரைக்காதே என்று கெஞ்சிக் கெஞ்சி, குரைக்கச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான்.

அவர் அதட்டவே சொல்லவில்லை. “கத்தத் தேவையில்லம்மா. இங்கிலீஷும் வேணாம். குரைச்சா முதுகக் காட்டி நில்லுங்க. ஒரு சாக்கு விரிச்சிப் போடுங்க. வாய மூடிக்கினு அதுல உக்காந்தா உடனே பொறை. அவ்ளோதான்” என்றார். “ஆனா வாசல் கேட்ட ஒருத்தர் தொறந்து தொறந்து மூடணும். இது யாரப் பாத்து ஜாஸ்தி குரைக்குது?”

“வீட்டுக்காரம்மாவப் பாத்துங்க.”

“அப்ப அவங்களையே கூப்புடுங்க.”

திரும்பி வருகிற வழியெல்லாம் எனக்கு அதே யோசனை. பூரிக்குச் சொல்லிக் கொடுப்பதை எப்படியாவது செய்துவிடலாம். கோபமாக இருக்கிற அந்த அம்மாவிடம் போய் எப்படிக் கேட்பது? மறுநாள் இரண்டு முறை பாதிப் படி இறங்கிவிட்டு மேலே வந்துவிட்டேன். மூன்றாவது முறை போகும்போது முறத்தில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்த அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டார்.

“இன்னா பெரீம்மா, வீடு பாத்துட்டீங்களா?”

“இல்லீங்க. நீங்க வாசல் கேட்டக் கொஞ்சம் தொறந்து தொறந்து மூடணும்.”

“எதுக்கு?”

“பூரிக்குப் பாடங்க. நான் வாத்தியாரு.”

அவர் உரித்த கடலையை முறத்தில் போட்டார். “அப்ப நான் இன்னா, மணி அடிக்கிற ஆயாவா?” என்று கேட்டுவிட்டு, முறம் ஆடுகிற மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்தார்.

அவர் மகள் எழுந்து குளிக்கிற நாலு மணிக்குப் பாடம் என்று முடிவாயிற்று. முதல் நாள் பத்து முறை கேட்டைத் திறந்து மூடினார். பத்து முறையும் குரைப்புதான். முதுகைக் காட்டி நின்ற எனக்குப் பொறை கொடுக்கக் கை துறுதுறுத்தது. “இன்னிக்கி எத்தினி மார்க்கு?” என்று கீழேயிருந்து குரல். “முட்டைங்க” என்றேன். மூன்றாம் நாள் வீட்டுக்காரம்மாவுக்கே அலுத்துவிட்டது. “எனுக்குக் கைதான் வலிக்குது, அதுக்கு வாய் வலிக்கல” என்றார். ஆனாலும் மறுநாள் சரியாக நாலு மணிக்கு கேட் சத்தம் கேட்டது.

ஐந்தாம் நாளா, ஆறாம் நாளா, நினைவில்லை. கேட் திறந்தது. பூரி ஒரே ஒரு முறை குரைத்துவிட்டு என் முதுகைப் பார்த்தது போலிருக்கிறது. பிறகு சத்தமே இல்லை. திரும்பினால் சாக்கில் உட்கார்ந்திருக்கிறது! அவசரமாகப் பொறையை உடைத்து நீட்டியதில் பாதி தரையில் கொட்டிவிட்டது.

“இன்னா பெரீம்மா, சத்தத்தக் காணோம்? நாயி இருக்குதா, ஓடிப்போச்சா?” என்று கேட்டுக்கொண்டே அவர் படியேறி வந்து, முதன்முறையாக என் வீட்டுக்குள் உட்கார்ந்து காபி குடித்தார்.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. ஒரு மத்தியானம் கூரியர்க்காரரைப் பார்த்துப் பூரி பழையபடி குரைத்துத் தீர்த்தது. வீட்டுக்காரம்மா மேலே வருவதற்குள் நானே கீழே இறங்கிப் போய், தூக்கம் கெட்ட அந்தப் பெண்ணிடம் தப்புதான் என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றைக்கு என் காலே எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

மாதக் கடைசி நாள். அவர் என்ன சொல்வாரோ என்று காலையிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. நாலு மணிப் பாடம் முடிந்தது. பத்தில் எட்டுக்குப் பூரி வாயே திறக்கவில்லை. கீழேயிருந்து குரல் வந்தது.

“பெரீம்மா, நாளைக்கி நான் ஓமந்தூர்ல ஒரு விசேஷத்துக்குப் போறேன். கேட்டு தொறக்க எம் பொண்ணு வரும்.”

நாளைக்கு என்றால் அடுத்த மாதம். அது புரிந்ததும் அப்படியே பூரியின் பக்கத்தில் சாக்கிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இப்போதும் யாரிடமாவது ஒன்றைக் கேட்கப் போய், தயங்கிப் பாதிப் படியில் நிற்கிற நேரம் வருகிறது. கை வலிக்க கேட்டைத் திறந்து மூடிக்கொண்டு நின்ற அந்த அம்மாவை நினைத்துக்கொண்டு, மீதிப் படியையும் இறங்கிவிடுகிறேன்.